ஷேர் ஆட்டோ முதல் கம்பெனி பஸ் வரை: புறநகருக்குப் பகிர்வுப் போக்குவரத்தைத் திட்டமிடுவது எப்படி?

காலை ஏழரை மணி வாக்கில், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையோரம் இருக்கும் கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய வாசலில் நின்று பார்த்தால் வண்டிக்குப் பஞ்சமே தெரியாது. சிப்காட்டுக்கு ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ, ஆந்திராவில் தடா தாண்டி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ், மஞ்சள் பள்ளி வேன், ஜி.என்.டி. ரோட்டில் ஓடும் டவுன் பஸ், இதற்கு நடுவில் சென்னையிலிருந்து வந்து ஆட்களைக் கொட்டிவிட்டு நிற்கும் லோக்கல் ரயில். அதே இடத்துக்குப் பகல் பன்னிரண்டரைக்கு வந்து மாதர்பாக்கம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் நாலு பேர் வரட்டும்மா" என்பார்கள், இல்லையென்றால் முழு ஆட்டோவுக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். காலையில் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் எங்கோ ஒரு ஷெட்டிலோ மரத்தடியிலோ சும்மா நிற்கும்.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு தாலுகா, அல்லது எல்லையோரத்தில் இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருக்கும் ஒரு வட்டாரம், தனக்கான போக்குவரத்தைத் திட்டமிட உட்கார்ந்தால் எதை முதலில் யோசிக்க வேண்டும், எதைக் கடைசியில் யோசிக்க வேண்டும் என்று எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்த வண்டி வாங்கலாம் என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. நம் ஊரில் அதுதான் முதலில் வருகிறது. மினி பஸ் விடலாம், மின்சார ஆட்டோ விடலாம், ஆப் போடலாம் என்று ஆரம்பித்து, யார் எந்த நேரத்துக்கு எங்கே போக வேண்டும் என்பதைக் கேட்காமலேயே கொடியசைத்து விடுகிறார்கள்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒருவரை ஒருவர் தெரியாத பலர், தனித்தனியாகக் காசு கொடுத்தோ கொடுக்காமலோ, ஒரே வண்டியில் போனால் அது பகிர்வுப் போக்குவரத்து. ரயிலும் இதில் சேரும், அரசு பஸ்ஸும் சேரும், மினி பஸ், ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ், ஸ்கூல் வேன், ஆஸ்பத்திரி வேன், நாலு பேர் சேர்ந்து மாதக் கணக்கில் பேசி வைத்துக்கொள்ளும் வேன் எல்லாமே சேரும். அரசு நடத்துகிறதா தனியார் நடத்துகிறாரா என்பது இரண்டாவது விஷயம். திட்டமிடுபவர் பார்க்க வேண்டியது இத்தனையும் ஒரே ஊரின் சாலையில் ஓடுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சே இல்லை என்பதைத்தான்.

புறநகர் ஏன் தனிப் பிரச்சனை என்று கேட்கலாம். பெரிய நகரத்தில் ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், அடுத்தடுத்து பஸ் விட்டாலும் நிரம்பும். உள்கிராமத்தில் எல்லோரும் ஒரே பக்கம்தான் போகிறார்கள், அதாவது பக்கத்து டவுனுக்கு, அதனால் காலையும் மாலையும் ஒரு பஸ் விட்டால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம். புறநகர் இரண்டிலும் சேராது. வீடுகள் சிதறிக் கிடக்கும், தொழிற்சாலைகள் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும், பயணமோ எல்லாத் திசையிலும் இருக்கும். எளாவூரில் குடியிருப்பவர் சிப்காட்டுக்குப் போவார், அவர் மனைவி தடா பக்கம் ஒரு கம்பெனிக்குப் போவார், பையன் கவரைப்பேட்டையில் காலேஜ், அம்மாவுக்குப் பொன்னேரியில் மருத்துவமனை. ஒரே வீட்டுக்கு நாலு திசை. இப்படிப்பட்ட இடத்தில் தடம் போடுவது நகரத்தில் போடுவதைவிடக் கஷ்டம்.

இதே தலைவலி அமெரிக்கப் புறநகர்களில் நமக்கு முன்பே வந்தது. அங்கே கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. வாஷிங்டன் நகரை ஒட்டிய மாண்ட்கமரி கவுண்டி, பெருநகர பஸ் நிறுவனத்தை மட்டும் நம்பியிராமல், 1975-லேயே ரைட் ஆன் என்ற தன் சொந்த பஸ் சேவையைத் தொடங்கியது. அங்கே பெரும்பாலான வீடுகளில் கார் உண்டு, சரி, ஆனால் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கார் வாங்க முடியாதவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வழக்கமான பஸ் தடத்தின் இரு பக்கமும் முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கி.மீ. தூரத்துக்குள், அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்றது. அப்புறம் பார்த்தால் முதியோர் இல்லத்துக்கு ஒரு வேன், ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன், வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு ஒரு வேன் என்று ஒரே தெருவில் மூன்று வேன்கள், மூன்றும் பாதி காலி. 2005-ல் வந்த மத்தியப் போக்குவரத்துச் சட்டம், இந்த வகையில் சில மத்திய நிதிகளை வாங்க வேண்டுமென்றால் உள்ளூரில் எல்லாரும் உட்கார்ந்து ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றைப் போட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பஸ் மாடலை அல்ல, இந்த நிபந்தனையை. காசு வேண்டுமா, முதலில் எல்லாரும் ஒரே மேஜைக்கு வாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். மேஜையில் உட்கார்ந்தாயிற்று. முதல் வேலை, யார் எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்பது. புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டையும் குறித்துக்கொள்ளும் கணக்கெடுப்பு இது. பெரிய ஆலோசனை நிறுவனம் வந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை, காலேஜ் மாணவர்கள் நாற்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றால் ஒரு தாலுகாவுக்குப் போதுமான படம் கிடைத்துவிடும். ஆனால் எங்கே நிற்கிறார்கள் என்பது முக்கியம். பஸ் ஸ்டாண்டில் மட்டும் நின்று கேட்டால், ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவர்கள்தான் பதில் சொல்வார்கள். பஸ் இல்லாததால் வேலைக்கே போகாத பெண், இரண்டு கிலோமீட்டர் நடக்க முடியாததால் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகாத பெரியவர், இவர்கள் பஸ் ஸ்டாண்டில் கிடைக்க மாட்டார்கள். அவர்களை ரேஷன் கடை வரிசையிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், மகளிர் குழுக் கூட்டத்திலும்தான் பிடிக்க வேண்டும். "நீங்கள் எங்கே போகிறீர்கள்" என்பதோடு "போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது எங்கே" என்றும் ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும்.

இடத்தைவிட நேரத்தைத் துருவிக் கேளுங்கள். தொழிற்சாலைப் பகுதியில் ஷிப்ட் பெரும்பாலும் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாறும். அந்த மூன்று நேரத்திலும் அரை மணி நேரத்துக்குள் பெருங்கூட்டம், நடுவில் வெறிச். பெண்களின் பயணம் வேறு மாதிரி: பள்ளியில் பிள்ளையை விட்டு, அங்கிருந்து வங்கி, அங்கிருந்து காய்கறிக் கடை, அப்புறம் வீடு, எல்லாம் சின்னச் சின்ன தூரம், எல்லாம் கூட்டம் இல்லாத நேரம். கம்பெனி நேரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் இவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள், விடுபட்டது யாருக்கும் தெரியவும் தெரியாது.

அடுத்தது கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான், ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் எடுத்த எந்த முடிவும் நிற்காது. ஒரு கிளைச் சாலை 12 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று போகும் சின்ன பஸ் மணிக்கு 20 கி.மீ. போகும் என்றால் ஒரு சிங்கிளுக்கு 36 நிமிஷம், போய்வர 72. இரண்டு முனையிலும் சேர்த்து 8 நிமிஷம் ஓய்வு கொடுத்தால் ஒரு சுற்றுக்கு 80 நிமிஷம். 20 நிமிஷத்துக்கு ஒரு வண்டி வேண்டுமென்றால் 80-ஐ 20-ஆல் வகுத்தால் 4 வண்டி. 40 நிமிஷத்துக்கு ஒன்று போதுமென்றால் 2 வண்டி. உங்களிடம் மூன்றுதான் இருக்கிறது என்றால் கிட்டத்தட்ட 27 நிமிஷத்துக்கு ஒன்று வரும், ஆனால் அப்படி விடக்கூடாது. 7:00, 7:27, 7:54 என்று வரும் பஸ்ஸை எந்தப் பாட்டியும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. சுற்றை 90 நிமிஷமாக நீட்டி, மணிக்கு இரண்டு முறை, முழு மணியிலும் அரை மணியிலும் என்று விடுங்கள். ஓட்டுநருக்கு டீ குடிக்க நேரம் கிடைக்கும், பஸ் லேட்டானால் ஈடுகட்டவும் அந்த நேரம் உதவும், ஊருக்கு நேரம் மனப்பாடம் ஆகிவிடும்.

இப்போது ஒரு வார்டு உறுப்பினர் வந்து, "எங்க காலனிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான் சார், உள்ளே வந்து திரும்பிப் போகட்டும்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. போக ஒன்றரை, வர ஒன்றரை, ஒரு சிங்கிளுக்கு 3 கி.மீ. கூடுதல். 15 கி.மீ. ஆனதும் ஒரு சிங்கிள் 45 நிமிஷம், போய்வர 90, அதே 8 நிமிஷ ஓய்வோடு 98 நிமிஷம். அரை மணிக்கு ஒன்று என்று வாக்குக் கொடுத்திருந்தீர்கள், 98-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்றுக்கு மேல் வருகிறது, ஆக நாலாவது வண்டியும் நாலாவது ஓட்டுநரும் வேண்டும். வண்டி கூட்ட முடியாது என்றால் எல்லாருடைய காத்திருப்பும் கூடும், கடைசி ஊரில் ஏறுகிறவர் தினமும் போகவும் வரவும் 9 நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்திருப்பார், காலனிக்கும் நிம்மதி இருக்காது. அந்தக் காலனியை விட்டுவிடச் சொல்லவில்லை. சில நேரம் கூட்டமில்லாத இரண்டு மூன்று ட்ரிப்பை மட்டும் உள்ளே அனுப்பலாம், சில நேரம் மெயின் ரோட்டில் நிழற்குடையும் தெருவிளக்கும் நடைபாதையும் போட்டுக் கொடுப்பது மலிவாக முடியும். எதுவானாலும் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு என்ன விலை என்று அவருக்கும் ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஷேர் ஆட்டோவைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். அதிகாரிகள் பலருக்கு அது ஒழுங்கில்லாத தொல்லை. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஸ்டாண்டில் யார் முதலில், யார் அடுத்து என்று டர்ன் வைத்து, எந்த ஊருக்கு எவ்வளவு என்று ரேட் பேசி, பிணக்கு வந்தால் தாங்களே தீர்த்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒரே பெரிய குறை, நிரம்பினால்தான் கிளம்பும் என்ற விதி. இந்த விதி காலையில் அருமையாக வேலை செய்யும். 7 பேர் உட்காரும் வண்டிக்கு 2 நிமிஷத்துக்கு ஓர் ஆள் வந்தால் முதலில் ஏறியவர் 12 நிமிஷம் காத்திருந்தால் போதும். மத்தியானம் 8 நிமிஷத்துக்கு ஓர் ஆள்தான் வருகிறார் என்றால் அதே முதல் ஆள் 48 நிமிஷம் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த முறை அவர் வரமாட்டார், மகனை பைக்கில் கூப்பிடுவார், ஆள் இன்னும் குறையும், காத்திருப்பு இன்னும் கூடும். நடுவழியில் நிற்பவர்களுக்கோ கதையே வேறு: நிரம்பிக் கிளம்பிய வண்டியில் அவர்களுக்கு இடமே இருக்காது, ஓட்டுநர் மனசு வைத்தால் தன் பக்கத்தில் ஒட்டி உட்கார வைப்பார். அது விபத்துக்கு வழி.

இதற்குத் தீர்வு ஷேர் ஆட்டோவை விரட்டுவது இல்லை. நிரம்பினால் கிளம்பு, நிரம்பாவிட்டாலும் 15 நிமிஷம் ஆனால் கிளம்பு என்று விதியை மாற்றலாம். ஆனால் பாதி காலியாகக் கிளம்பினால் ஓட்டுநருக்கு டீசல் காசு யார் கொடுப்பது? இங்கேதான் உள்ளாட்சியோ தொழிற்பேட்டைக் கம்பெனிகளோ உள்ளே வர வேண்டும். மத்தியான ட்ரிப் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று உத்தரவாதம் கொடுத்து, வசூல் அதற்குக் கீழே போனால் மிச்சத்தை மட்டும் நிரப்பினால் போதும். புது பஸ் வாங்கி, ஓட்டுநர் நியமித்து, பணிமனை கட்டுவதோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சின்னது. அந்தக் காசை எப்படிப் பிரிப்பது என்ற சண்டையை ஸ்டாண்டிடமே விட்டுவிடலாம், அவர்கள் நம்மைவிட நன்றாகத் தீர்ப்பார்கள்.

போன் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வரும் வேன் என்று ஒரு யோசனை எல்லாக் கூட்டத்திலும் எழும். ஆப் காட்டி விளக்கினால் கேட்கவே ஜோராக இருக்கும். கணக்கைப் பாருங்கள். ஒருவரை ஏற்றப் போவது, அவர் வெளியே வரும்வரை நிற்பது, இறக்கிவிடுவது, எல்லாம் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 20 நிமிஷம் வண்டி செலவானால் மணிக்கு 3 பேர், பத்து மணி நேரத்தில் 30 பேர். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வழியை இணைத்தாலும், சிதறிக் கிடக்கும் புறநகரில் இப்படிப்பட்ட சேவைகள் மணிக்கு ஐந்து பேரைத் தாண்டுவது உலகம் முழுக்க அபூர்வம்தான். அதைவிட மோசம், நன்றாக நடந்தால்தான் ஆபத்து. நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால் ஒவ்வொரு மூன்று நாலு பேருக்கும் இன்னொரு வண்டி வேண்டும். பஸ்ஸில் ஆள் கூடினால் ஆளுக்கான செலவு குறையும், இதில் குறையவே குறையாது. ஆகவே வாசலுக்கு வரும் வண்டியை நடக்க முடியாதவர்களுக்கும், டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்கும், இரவு வேளைக்கும் என்று ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. நடுத்தரமாக ஒரு வழியும் உண்டு: தடமும் நேரமும் நிலையாக இருக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட பகுதிக்குள் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும் வண்டி உள்ளே போய் வரும். 90 நிமிஷச் சுற்றில் நாம் மிச்சம் வைத்த ஓய்வு நேரத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

இந்த இடத்தில் யாரும் சொல்ல விரும்பாத ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கையிலிருக்கும் பத்து வண்டியை ஆள் அதிகமுள்ள இரண்டு தடத்தில் போட்டால் பஸ் நிரம்பும், வசூல் வரும், பைக்கில் போகிறவர்களில் சிலர் பஸ்ஸுக்கு வருவார்கள். அதே பத்தையும் பத்து கிராமத்துக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்தால் யாரும் விடுபட மாட்டார்கள், ஆனால் எந்த ஊருக்கும் போதுமான பஸ் இருக்காது, எல்லாம் பாதி காலியாக ஓடும். ஒன்று கூட்டத்துக்கான சேவை, மற்றது யாரையும் கைவிடாமல் இருப்பதற்கான சேவை. இரண்டுமே நியாயமான நோக்கம்தான். தவறு எங்கே நடக்கிறதென்றால், கைவிடாமல் இருப்பதற்காக விட்ட சுண்ணாம்புகுளம் மாதிரி ஓரத்து ஊர் பஸ்ஸை ஆறு மாதம் கழித்து "கலெக்‌ஷன் இல்லை" என்று நிறுத்துவதில். கலெக்‌ஷனுக்காக விட்ட பஸ்ஸா அது? நூற்றுக்கு இத்தனை பங்கு கூட்டத்துக்கு, இத்தனை பங்கு ஓரத்து ஊர்களுக்கு என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கும் அபத்தம் நிற்கும். தமிழ்நாட்டில் 1997-ல் வந்த மினி பஸ் திட்டத்தின் உள்நோக்கமே பஸ் போகாத ஊர்களைச் சேர்ப்பதுதான். ஆனால் ஓட்டுவது தனியார் என்பதால் அவர்களுக்கும் நாலு காசு பார்க்கிற மாதிரி, பஸ் ஓடும் சாலையிலும் கொஞ்ச தூரம் போக இடம் கொடுத்தார்கள். இரண்டு நோக்கத்தையும் ஒரே பர்மிட்டில் கட்டிப்போட்ட ஏற்பாடு அது.

சும்மா நிற்கும் வண்டிகளுக்கு வருகிறேன். கம்பெனி பஸ் ஷிப்டுக்கு ஆள் இறக்கிவிட்டு எட்டு மணி நேரம் நிற்கிறது, அல்லது அடுத்த ஊருக்குக் காலியாகப் போகிறது. ஸ்கூல் வேன் ஒன்பதரையிலிருந்து மூன்று வரை நிற்கிறது. நம் மத்தியானப் பஞ்சமும் சரியாக அதே நேரம்தான். ஏன் இணைக்க முடியவில்லை? முக்கியமான தடை சட்டத்தில் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டிகளை அவை என்ன வேலை செய்கின்றன என்பதை வைத்துப் பிரிக்கிறது. ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஆளுக்கு ஆள் தனிக் கட்டணம் வாங்கி, வழியில் ஏற்றி இறக்கினால் அது ஸ்டேஜ் கேரியேஜ், பஸ் பர்மிட். ஒரே ஒப்பந்தத்தில் முழு வண்டியும் பேசிப் போவது கான்ட்ராக்ட் கேரியேஜ், வழியில் வேறு ஆளை ஏற்றக்கூடாது. கம்பெனி தன் ஆட்களுக்காகச் சொந்தமாக வைத்திருக்கும் வண்டி இன்னொரு வகை, பள்ளி வண்டி வேறொரு வகை, இவற்றில் வெளி ஆளிடம் கட்டணம் வாங்க முடியாது. ஷேர் ஆட்டோவும் முதல் இரண்டு வகைக்கும் நடுவில்தான் தொங்குகிறது. முழு வண்டியாகப் பேசிப்போகும் பர்மிட்டை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் காசு வாங்குகிறது, பிடித்தால் அபராதம், பிடிக்காவிட்டால் பிழைப்பு.

ஆனாலும் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. ஒரே தொழிற்பேட்டையில் பத்து கம்பெனி பத்து பஸ் விடுவதற்குப் பதில், கூட்டாக ஒரே ஒப்பந்ததாரரை அமர்த்தி, தடத்தைப் பிரித்துக்கொண்டு, எந்த கம்பெனி ஆளும் எந்த பஸ்ஸிலும் ஏறலாம் என்று வைத்தால் அது ஒப்பந்த வண்டிதான், பாதிக்குப் பாதி காலியாக ஓடுவது குறையும். சின்ன யூனிட்டில் பத்துப் பதினைந்து பேரோடு இருப்பவர்களுக்கு இதில்தான் பெரிய லாபம், அவர்களால் தனியாக பஸ் வைக்க முடியாது. ஷிப்டை அரை மணி முன்பின்னாக மாற்றிக்கொள்ள இரண்டு கம்பெனி சம்மதித்தால் ஒரே பஸ் இரண்டு ட்ரிப் அடிக்கும். மேலாளர்களை ஒரு டீக்கு உட்கார வைத்துப் பேசினால் முடிகிற வேலை, ஆனால் அந்த டீக்கு யார் கூப்பிடுவது என்பதுதான் யாருடைய வேலையும் இல்லாமல் இருக்கிறது.

எல்லைக்கு வருவோம். நம் பகுதியின் தனிச்சிக்கல் இது. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் ஓடும் எல்லைக் கோட்டை மக்கள் ஒரு நாளும் கோடாக நினைத்ததில்லை. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது, சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருந்தது. சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு வெளியில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. 2008-ல் ஸ்ரீசிட்டி வந்த பிறகு வேலைக்காகவும் தினம் கோட்டைத் தாண்டுகிறார்கள். பர்மிட்டுக்கு மட்டும் கோடு கண்ணில் படும். ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட் மற்ற மாநிலத்தில் செல்ல அந்த மாநிலம் மேலொப்பம் போட வேண்டும், எந்தத் தடத்தில் எத்தனை பஸ் என்று இரண்டு அரசும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு மினி பஸ்ஸை ஐந்து கிலோமீட்டர் தள்ளி விட ஒரு தாலுகா அலுவலகம் முடிவு செய்ய முடியாது.

பெண்களுக்கான இலவசப் பயணமும் கோட்டில் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம், அடையாள அட்டையும் கேட்பதில்லை. ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15-ல் ஸ்த்ரீ சக்தி என்ற பெயரில் வந்தது, ஆனால் ஆந்திர முகவரி உள்ள அட்டை காட்ட வேண்டும், மாநிலம் தாண்டும் பஸ்ஸில் அது செல்லாது. ஆக எளாவூர்ப் பெண் தடாவில் வேலைக்குப் போனால் பாதி வழி இலவசம், மீதி வழி காசு, அதுவும் ஷேர் ஆட்டோவுக்கு. கோட்டைத் தாண்டும் பஸ் கிடைக்கும்வரை, எல்லையின் இரண்டு பக்கமும் வரும் பஸ்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்திக்கும்படி டைமிங் போடுவதுதான் நடக்கக்கூடிய வேலை. இந்த பஸ் 8:00 மணிக்கு வந்தால் அந்த பஸ் 8:05-க்குக் கிளம்ப வேண்டும், இந்த பஸ் கொஞ்சம் லேட் என்றால் அது அஞ்சு நிமிஷம் நிற்க வேண்டும். இதற்கு மாநில ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, இரண்டு டெப்போ மேலாளர்கள் போனில் பேசிக்கொண்டால் போதும்.

ரயிலுக்கும் இதே வைத்தியம். சென்னையிலிருந்து வரும் லோக்கலில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடும், சூலூர்பேட்டை வரை போவது குறைவு. விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் அதே பாதையில் போவதால் லோக்கல் தாமதமாவது சகஜம். கிளை பஸ்ஸின் நேரத்தை மணியை மட்டும் பார்த்து வைக்காமல் ரயிலைப் பார்த்து வையுங்கள், ஏழெட்டு நிமிஷம் வரை ரயிலுக்காகக் காத்திருக்க ஓட்டுநருக்கு அனுமதி கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், வழியில் நிற்பவர்களும் மனிதர்கள்தான்.

காசுக் கணக்கை ஓர் உதாரணத்தோடு சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வண்டிக்கு ஓட்டுநர், டீசல், பராமரிப்பு, கடன் தவணை, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து நாளுக்கு 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 12 மணி நேரத்தில் 16 சிங்கிள் அடித்தால் சிங்கிளுக்கு 250. சராசரி டிக்கெட் 20 ரூபாய் என்றால் சிங்கிளுக்கு 13 பேர் ஏற வேண்டும். காலையில் 25 பேர், மத்தியானம் 5 பேர் என்றாலும் நாள் முழுக்கச் சேர்த்து அந்தச் சராசரி வந்தால் போதும். மத்தியான ட்ரிப்பைத் தனியாக எடுத்து வைத்து நஷ்டம் என்று சொல்வது ஏமாற்றுக் கணக்கு. மத்தியானம் திரும்ப வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் காலையில் ஏறுகிறார்கள். வண்டியைச் சிறிதாக்கினால் செலவு பாதியாகும் என்ற நம்பிக்கையும் பொய்த்துப் போகும், ஓட்டுநர் சம்பளம் பாதியாகாதே.

இத்தனையும் செய்துவிட்டு நேரப் பட்டியலை அலுவலகப் பீரோவில் வைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயிண்டில் எழுதிய பலகை வேண்டும், தமிழிலும் தெலுங்கிலும், சிப்காட் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதால் இந்தியிலும். வண்டி இன்று வராது என்றால் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு, எடுத்துப் பேச ஓர் ஆள் இருக்கும் போன் எண். ஆப் அப்புறம் வரட்டும்.

தொடங்கிய முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள், ஊருக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். பிறகு எண்ணிப் பாருங்கள்: எந்த ட்ரிப்பில் எத்தனை பேர், எத்தனை ட்ரிப் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷத்துக்குள் கிளம்பியது, எத்தனை பேர் இடமில்லாமல் விடுபட்டார்கள். சரிப்படாத ட்ரிப்பை நகர்த்தலாம், இரண்டைச் சேர்க்கலாம். இரவுக் கடைசி ட்ரிப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் மூன்று பேர்தான் வருவார்கள். ஆனால் ஓவர்டைம் ஆனாலும் ரயில் லேட்டானாலும் வீடு போய்ச் சேரலாம் என்ற நிச்சயம் அதில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அடுத்த மாதம் காலை ஆறு மணி வண்டியில் முப்பது பேரில் பத்துப் பேர் பைக் வாங்கியிருப்பார்கள்.